பிள்ளையைப் பறிகொடுத்தவர்களே நடத்தும் ஆறுதல் சேவை: தி கம்பாஷனேட் ஃபிரண்ட்ஸ் எப்படி இருக்கிறது?

புத்திர சோகத்துக்கு மருந்தில்லை என்பார்கள். தி கம்பாஷனேட் ஃபிரண்ட்ஸ் அமைப்பும் மருந்து தருவதாகச் சொல்லிக்கொள்வதில்லை. ஏற்கெனவே பிள்ளையை இழந்த இன்னொரு தாயோ தகப்பனோ எதிரே உட்கார்ந்து காதுகொடுத்துக் கேட்பார், அவ்வளவுதான் சேவை. கூட்டத்துக்குக் கட்டணம் கிடையாது, மதச் சார்பு கிடையாது. பிள்ளைக்கு என்ன வயது, எப்படி இறந்தது என்பதை வைத்து யாரையும் ஒதுக்குவதில்லை. பிரிட்டனில் இவர்களுடைய உதவித் தொலைபேசியை எடுத்துப் பேசுபவரும் பிள்ளையை இழந்தவரே. இந்த வகைத் துக்கத்துக்கு முதலில் பரிந்துரைக்கத் தகுந்த சேவை என்று தயங்காமல் சொல்வோம். ஆனால் அதன் தரம், அங்கே உதவ வருபவர் எந்த நிலையில் வருகிறார் என்பதைப் பொறுத்தது.

1968இல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஒரே மருத்துவமனையில் இரண்டு சிறுவர்கள் இறந்தார்கள். அங்கே பணியிலிருந்த இளம் பாதிரியார் சைமன் ஸ்டீபன்ஸ், அந்த இரண்டு பெற்றோரும் ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டதைக் கவனித்தார். தன்னால் தர முடியாத ஆறுதல் அவர்களுக்குள் கிடைப்பதைக் கண்டார். 1969இல் அமைப்பு பிறந்தது. 1972இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போனது. பின்னர் உடன்பிறந்தோரையும் தாத்தா பாட்டியையும் சேர்த்துக்கொண்டார்கள். இது மிக நல்ல முடிவு. அண்ணனை இழந்த தங்கையிடம் எல்லாரும் ‘அம்மாவைப் பார்த்துக்கொள்’ என்றுதான் சொல்வார்கள். அவளை யாரும் விசாரிப்பதில்லை.

கூட்டம் பெரும்பாலும் மாதம் ஒருமுறை நடக்கும். நாற்காலிகள் வட்டமாக இருக்கும். ஒவ்வொருவரும் தன் பெயர், பிள்ளையின் பெயர், விருப்பமிருந்தால் நடந்தது ஆகியவற்றைச் சொல்வார்கள். பேசப் பிடிக்காவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்கலாம். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். இந்த அமைப்பின் உண்மையான பலம் இங்கே இருக்கிறது. சில மாதங்கள் போனதும் வீட்டிலும் உறவிலும் அந்தப் பிள்ளையின் பெயரை எடுக்கவே பயப்படுவார்கள். அழுதுவிடுவாளோ என்ற அக்கறைதான். அந்த அக்கறையே, பிள்ளை இருந்ததே இல்லை என்பதுபோல் தாய்க்குப் படும். வட்டத்தில் அந்தப் பெயர் உரக்க ஒலிக்கிறது, மற்றவர்கள் அதைத் திருப்பிச் சொல்கிறார்கள், என்ன சாப்பிடுவான், எதற்குச் சிரிப்பான் என்று கேட்கிறார்கள்.

முதல் கூட்டத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்தால் பாரம் கூடியதாகத் தோன்றும். பலருடைய துக்கத்தை ஒரே நாளில் கேட்டதன் விளைவு அது. மூன்று கூட்டமாவது போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கணவர் வர மறுத்தால் சண்டை வேண்டாம். துக்கப்படுபவர் இழப்பின் பக்கமும் அன்றாட வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறிப் போய்வருவார் என்பதை ஸ்ட்ரோபே, ஷுட் என்ற ஆய்வாளர்கள் 1999இல் விளக்கினார்கள். தம்பதியில் இருவரும் ஒரே நாளில் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை.

கூட்டம் எங்கே கெடும்? ஒருவரே அரை மணி நேரம் பேசும்போது கெடும். ‘உங்களுக்காவது இன்னொரு பிள்ளை இருக்கிறது’ என்று இழப்பை எடைபோடத் தொடங்கும்போது கெடும். தற்கொலையால் பிள்ளையை இழந்தவர் இருக்கும் வட்டத்தில் இறந்த முறையை விவரிக்க விடவே கூடாது. கேட்பவர்களில் யாராவது அதே எண்ணத்தோடு உட்கார்ந்திருக்கலாம். அழுபவரின் கையில் உடனே துடைப்புத் தாளைத் திணிப்பதும் தவறு. அழுகையை நிறுத்து என்று அவருக்கு அது கேட்கும். கைக்கெட்டும் இடத்தில் பெட்டி இருந்தால் போதும். இதையெல்லாம் கவனிக்க நடத்துபவர் இருவர் வேண்டும். ஒருவர் பேச்சை நடத்த, மற்றவர் முகங்களைப் பார்த்துக்கொண்டிருக்க, யாராவது எழுந்து வெளியே போனால் கூடப் போக.

உதவி பெற்றவரே பிறகு உதவ வருகிறார் என்பதுதான் இந்தச் சேவையின் உயிர். அதில்தான் அவசரமும் நுழைகிறது. முதல் சில மாதங்களில் ‘என் பிள்ளை பெயரில் ஏதாவது செய்ய வேண்டும்’ என்ற வேகம் பொங்கும். அந்த வேகத்தைப் பழிக்க முடியாது. 1980இல் குடிபோதையில் வந்த ஓட்டுநரால் மகளைப் பறிகொடுத்த கேண்டஸ் லைட்னர், அதே ஆண்டில் குடித்து வண்டி ஓட்டுவதற்கு எதிரான தாய்மார்கள் அமைப்பைத் தொடங்கினார். 1984இல் அமெரிக்காவில் மது வாங்கும் வயது 21 ஆக வேண்டும் என்ற சட்டம் வந்ததில் அந்த அமைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. சட்டத்தை மாற்றக் கோபம் உதவும். இன்னொருவரின் அழுகையைக் கேட்க உதவாது. ஆறாத புண்ணோடு நடத்த வருபவர், புதிதாக வந்தவரின் நேரத்தைத் தன் கதைக்கு எடுத்துக்கொள்வார், தெரியாமலேதான் எடுத்துக்கொள்வார்.

ஆகவே உங்கள் ஊர்க் கிளையில் முதலில் விசாரிக்க வேண்டியது, நடத்துபவருக்கு இழப்பு ஏற்பட்டு எவ்வளவு காலம் ஆயிற்று, பயிற்சி பெற்றாரா என்பதை. இரண்டு ஆண்டுகளாவது ஆகியிருந்தால் நல்லது. நீங்களே உதவ விரும்பினால் நாற்காலி போடுவது, வாசலில் நின்று வரவேற்பது, பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு மற்ற பெற்றோருக்குக் கடிதம் எழுதுவது என்று தொடங்குங்கள். உங்கள் பிள்ளையின் கதையை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டு மறுபடி எதிரே இருப்பவரிடம் கவனத்தைத் திருப்ப முடிகிறதா என்பதே தகுதிச் சோதனை. நினைவுநாள் வரும் மாதத்தில் பொறுப்பை மற்றவரிடம் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் நடத்தியவர்கள் இருவரும் கால் மணி நேரம் தனியாகப் பேசி, கேட்டதை இறக்கிவைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

இது சிகிச்சையின் இடத்தை நிரப்பாது. துக்கம் தணியாமல் அன்றாட வேலையே முடங்கிப்போனால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். இழப்புக்குப் பிறகு எவ்வளவு காலம் இப்படி நீடித்தால் அதை நோயாகக் கணக்கிடலாம்? உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு குறைந்தது 6 மாதம் என்கிறது. 2022இல் வந்த அமெரிக்க மனநலக் கையேடு பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது. உயிரை விடும் எண்ணம் வந்தால் இந்தக் கணக்கையெல்லாம் பார்க்காமல் அன்றைக்கே மருத்துவ உதவி தேடுங்கள்.

தமிழ் வாசகருக்கு ஒரு குறை: பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கூட்டங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். தாய்மொழியில் அழ வேண்டியவருக்கு அது பெரிய தடை. கிளையின் பெயர் இல்லாமலும், பிள்ளையை இழந்த நான்கைந்து தமிழ்ப் பெற்றோர் இதே விதிகளோடு கூடலாம். வீட்டைவிடப் பொது இடம் நல்லது. விருந்தோம்பல் தொடங்கினால் பேச்சு நின்றுவிடும். ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுங்கள். அங்கே பேசியது வெளியே போகக் கூடாது என்பதை ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழு வைத்தால் கூட்டத் தேதி அறிவிக்க மட்டும் வையுங்கள். நள்ளிரவில் வரும் செய்திக்குப் பதில் சொல்ல ஆள் இல்லாமல் போனால், எழுதியவர் இன்னும் தனிமைப்படுவார்.