பத்து நாள் விபாசனா முகாம்: சடங்கு இல்லாத புத்தம்னு சொல்றாங்களே, அது எவ்ளோ தூரம் உண்மை?

விபாசனாங்கறது ஒரு பௌத்த தியான முறை, அத பத்து நாள் தங்கி மௌனமா கத்துக்கற முகாம் பத்தி ரிவ்யூன்னு தேடினா ரெண்டே வகைதான் கிடைக்கும். ஒண்ணு "என் வாழ்க்கையே மாறிப்போச்சு", இன்னொண்ணு "மூளைச்சலவை பண்றாங்க, அந்தப் பக்கமே போகாதீங்க". நான் ரெண்டு கட்சியும் இல்ல. எனக்கு இருந்த கேள்வியே வேற. புத்தர் சொன்ன விஷயம் மட்டும் வேணும், பூ வைக்கறது, விளக்கு ஏத்தறது, புரியாத பாஷைல மந்திரம், துறவி கால்ல விழறது இதெல்லாம் வேணாம், அப்படி தனியா பிரிச்சு எங்கயாவது தர்றாங்களா? தர்றோம்னு ரொம்ப வருஷமா சொல்றவங்க கோயங்கா முகாம்காரங்க. எல்லா மதத்துக்காரங்களும் வரலாம், யாரும் மதம் மாற வேண்டாம், இது வெறும் பயிற்சிமுறைதான்னு அவங்க பேப்பர்லயே போட்டிருக்கும். அதனால இந்த ரிவ்யூ அந்த ஒரு வாக்குறுதியை வெச்சுதான், மெத்தை நல்லா இருந்துச்சா பாத்ரூம் சுத்தமா இருந்துச்சாங்கறதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும்.

எந்த ஊர் சென்டர்னு எழுதல, எழுதியும் பிரயோஜனம் இல்ல. இந்த முகாம்களோட குரு சத்யநாராயண கோயங்கா 2013-லயே இறந்துட்டார், ஆனா இன்னைக்கும் உலகத்துல எந்த மூலைல முகாம் நடந்தாலும் பாடம் நடத்தறது அவர் குரல்தான். பகல்ல ஆடியோ, ராத்திரி ஒரு மணி நேரத்துக்கு மேல உரை, நம்ம பக்கம்னா அதோட தமிழ் மொழிபெயர்ப்பு. முன்னாடி உக்காந்திருக்கற ஆசிரியர் ரெகார்டிங்க போட்டு விடுவார், சந்தேகம் கேட்டா ரெண்டு வரில பதில் சொல்வார், அவ்ளோதான். டைம்டேபிளும் எல்லா இடத்துலயும் ஒண்ணுதான். காலைல நாலு மணிக்கு மணி அடிப்பாங்க, நாலரைக்கு உக்காரணும், பதினோரு மணிக்கு மதிய சாப்பாடு, சாயங்காலம் அஞ்சு மணிக்கு டீயும் கூட பழமோ பொரியோ, அதோட அன்னைக்கு சாப்பாட்டு கணக்கு முடிஞ்சுது. ஏற்கனவே ஒரு முகாம் முடிச்சவங்களுக்கு அந்த பொரியும் கிடையாது, எலுமிச்சை தண்ணிதான். போனை வாங்கி வெச்சுப்பாங்க, புக்கு நோட்டு பேனா கூடாது, பத்தாவது நாள் வரைக்கும் பக்கத்து ஆளோட பேச்சு கிடையாது, கண்ணால சைகை கூட கூடாது. காசு ஒரு பைசா கேக்க மாட்டாங்க, முழுசா முடிச்சவங்க மட்டும் விருப்பப்பட்டா கடைசில நன்கொடை தரலாம், இந்த ஒரு விஷயத்துல எனக்கு அவங்க மேல பெரிய மரியாதை, ஏன்னா தியானம்ங்கற பேர்ல நாட்டுல நடக்கற வசூல்தான் நமக்கு தெரியுமே.

இப்ப மெயின் விஷயம். எதை எடுத்துட்டாங்கன்னு பாத்தா லிஸ்ட் பெருசுதான். ஜெபமாலை தாயத்தெல்லாம் கொண்டு வராதீங்கன்னு சொல்லிடுவாங்க, பூஜை தொழுகை ஜெபம் விரதம் ஊதுபத்தி மந்திரம் எதுவும் அந்த பத்து நாள் கூடாது, புத்த மதத்துக்காரரா இருந்தாலும் அதே ரூல்தான். தியான ஹால்ல கும்பிட சிலை கிடையாது. முதல் மூணு நாள் மூக்கு துவாரத்துல மூச்சு போய் வர்றத கவனிக்கறது, நாலாவது நாள்ல இருந்து தலை உச்சில தொடங்கி கால் விரல் வரைக்கும் உடம்புல என்னென்ன உணர்ச்சி தெரியுதோ அத ஒவ்வொரு இடமா பாத்துட்டே வர்றது, அரிப்பு வந்தா சொறியாம பாக்கணும், வலி வந்தா நகராம பாக்கணும், சுகமா இருந்தா அதை பிடிச்சு வெச்சுக்காம பாக்கணும். எல்லாம் வரும் போகும், நிலையில்லாதது. இத புக்குல நூறு தடவ படிச்சிருப்போம், ஆனா முட்டி வலி உச்சத்துல இருக்கும்போது கை கால் அசைக்காம ஒரு மணி நேரம் உக்காந்து, அந்த வலியே துண்டு துண்டா உடைஞ்சு துடிப்பா சூடா மாறி கரையறத பாக்கறது வேற. இதுக்கு சாமி வேணாம், நம்பிக்கை வேணாம். வாக்குறுதில இந்த பாதிய முழுசா காப்பாத்தறாங்க, சந்தேகமே இல்ல.

இன்னொரு பாதில இடிக்குது.

முதல் நாள் ராத்திரி என்ன நடக்கும் தெரியுமா, எல்லாரையும் புத்தம் சரணம், தம்மம் சரணம், சங்கம் சரணம் சொல்ல வைப்பாங்க, பாலி பாஷைல, அப்புறம் அஞ்சு சீலம், அதாவது ஒழுக்க விதி, ஏத்துக்கணும், அப்புறம் "எனக்கு தியானம் கத்துக்குடுங்க"ன்னு முறையா வேண்டிக்கணும். விடியக்காலைல கோயங்கா பாலி சூத்திரங்களை ஓதுவார், ஒவ்வொரு உக்காரலும் முடியறப்போ பவது சப்ப மங்களம் (எல்லாருக்கும் நல்லது நடக்கட்டும்)னு மூணு தடவ, பழைய மாணவங்க ஹால்ல பல இடத்துல இருந்து சாது சாது சாதுன்னு சொல்லி தலை குனிவாங்க. சென்னை எழும்பூர் கென்னட் லேன்ல மகாபோதி சங்கம்னு பௌத்த அமைப்பு இருக்கு, அங்க வர்ற இலங்கை யாத்திரிகர்கள் சொல்றதும் எழுத்து மாறாம இதே மூணு சரணம்தான். அங்க சொன்னா மதம், இங்க சொன்னா டெக்னிக், இது எந்த ஊர் நியாயம்னு எனக்கு ஒரே யோசனை. இதுக்கு கோயங்கா விளக்கம் என்னன்னா, புத்தர்ங்கற ஆள்கிட்ட சரணடையல, அந்த விழிப்புங்கற தன்மைகிட்டதான் சரணடையறோம்னு. நல்ல விளக்கம்தான், ஆனா கென்னட் லேன்ல விவரம் தெரிஞ்ச பிக்கு யாரையாவது கேட்டாலும் இதையேதான் சொல்வார்.

இன்னொண்ணு, இந்த இயக்கம்தான் மும்பை கோராய் பக்கத்துல 8000 பேர் உக்கார்ற பகோடா, அதாவது பௌத்த கோபுரம், கட்டி 2009-ல திறந்துச்சு. ரங்கூன்ல இருக்கற ஷ்வேடகோன் பகோடா சாயல்ல தங்க நிறம், உள்ள புத்தரோட அஸ்தி வெச்சிருக்காங்க. குருவோட நாடான பர்மாவுக்கு நன்றிக்கடன்னு காரணம் சொல்றாங்க. சரி, ஆனா அஸ்தி வெச்சு கோபுரம் கட்டறது சடங்கு இல்லன்னா பின்ன எதுதான் சடங்கு?

அந்த ரங்கூன்ல ஒரு சுவாரசியம் இருக்கு. 1954 டிசம்பர்ல அங்க உலக பௌத்த மாநாடு நடந்தப்போ பெரியாரும் போனார், அம்பேத்கரும் போனார். அடுத்த வருஷம் 1955-ல அதே ஊர்ல, தீராத ஒத்தைத் தலைவலிக்கு வைத்தியம் தேடிட்டிருந்த மார்வாடி வியாபாரி ஒருத்தர், பர்மா சர்க்கார்ல அக்கவுண்டன்ட் ஜெனரலா இருந்த ஊ பா கின்கிட்ட முதல் தடவையா தியானத்துக்கு உக்காந்தார், அவர்தான் கோயங்கா. மூணு பேரும் புத்தர்கிட்ட இருந்து பிரிச்சு எடுத்தவங்கதான், ஆனா மூணு பேர் வெட்டின இடமும் வேற வேற. பெரியார் புத்தியை மட்டும் எடுத்துக்கிட்டார், மதம் மாறவும் இல்ல, சரணமும் சொல்லல. அம்பேத்கர் 1956 அக்டோபர்ல நாக்பூர்ல சரணமும் சீலமும் எடுத்துக்கிட்டு கூடவே 22 உறுதிமொழி சேத்தார், திதி பிண்டம் வேணாம், பிராமணர் வெச்சு சடங்கு வேணாம்னு வெட்டுனது அந்தப் பக்கம், முன்வினைதான் இப்போதைய நிலைமைக்கு காரணம்ங்கறதையும் ஏத்துக்கல, ஏன்னா அத ஏத்துக்கிட்டா தீண்டாமைக்கு நாமளே காரணம் சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிடும். கோயங்கா கோயிலை வெட்டிட்டு மறுபிறவிய வெச்சுக்கிட்டார்.

என் புகார் இந்த கடைசி வரில இருக்கு, ஓதறதுல இல்ல. உண்மைய சொல்லணும்னா நாள் போகப்போக அந்த விடியக்காலை ஓதல் எனக்கு பிடிச்சே போச்சு, தூக்கக் கலக்கத்துல உக்காந்திருக்கறவனுக்கு அது ஒரு துணை. மணி அடிக்கறது, வரிசைல போறது, அவங்கவங்க தட்ட கழுவி வைக்கறது, இதெல்லாம் சடங்குதான், இந்த சடங்கு இல்லாட்டி ரெண்டாவது நாளே பாதி பேர் கேட்டுக்கு வெளிய நிப்பாங்க. தொந்தரவு எங்கன்னா ராத்திரி உரைல. நீ உணர்ச்சிய சமநிலையோட பாத்தா உள்ள பொதைஞ்சு கிடக்கற பழைய சங்காரங்கள் (மனசுல படிஞ்ச பதிவுகள்) ஒவ்வொண்ணா மேல வந்து அழியுது, அது போன பிறவிகள்ல சேத்ததாவும் இருக்கலாம், சாகற நேரத்துல எந்த சங்காரம் மேல வருதோ அதுக்கு ஏத்த அடுத்த பிறவின்னு போகும். என் தோள்பட்டைல எரியுது, அது எனக்கு தெரியுது, அந்த எரிச்சல் எந்த ஜென்ம பாக்கின்னு எனக்கு எப்படி தெரியும்? பகல் பூரா "நீயா அனுபவிச்சு பாத்தத மட்டும் ஏத்துக்கோ"ன்னு சொல்லிட்டு, ராத்திரி அந்த அனுபவத்துக்கு அர்த்தத்த ரெடிமேடா கையில குடுத்துடறாங்க. பேச ஆள் இல்லாம, படிக்க எதுவும் இல்லாம இருக்கறவன் காதுல அது அப்படியே இறங்கும். ஒரு பூ வைக்கறதால யாரும் ஏமாறப் போறதில்ல, இதுல ஏமாற வாய்ப்பு இருக்கு.

இதுக்கும் கோயங்காகிட்ட ஒரு கதை ரெடி. அம்மா பாயசம் செஞ்சு குடுக்கறா, பையன் அதுல இருக்கற ஏலக்காய பாத்துட்டு கருப்பு கல்லு கிடக்குது வேணாம்ங்கறான், சரிப்பா கல்ல எடுத்து வெச்சுட்டு பாயசத்த குடிங்கறா. மறுபிறவி உனக்கு கல்லா தெரிஞ்சா எடுத்து ஓரமா வை, பயிற்சிய பண்ணுங்கறார். பெருந்தன்மைதான், நான் அப்படித்தான் பண்ணேன். ஆனா கதைய கவனிங்க, அவர் கணக்குல அது கல்லே இல்ல, ஏலக்காய்தான், பையனுக்குதான் இன்னும் வயசு பத்தல!

இதுதான் புத்தர் சொல்லிக்குடுத்த அதே முறை, பர்மால குரு பரம்பரையா கலப்படம் இல்லாம காப்பாத்தி வெச்சிருந்தாங்கன்னு சொல்றதையும் கொஞ்சம் தள்ளி வெச்சே கேளுங்க. சம்சாரிங்க கூட்டமா தியானம் பண்றது பர்மாலயே பழைய பழக்கம் இல்ல, அவங்க பாட்டுக்கு பிக்குவுக்கு சோறு போட்டு புண்ணியம் சேத்துட்டு இருந்தாங்க. 1885-ல வெள்ளக்காரன் மன்னரை பிடிச்சு நாடு கடத்தின பிறகு சாசனத்த, அதாவது புத்தரோட போதனைய, யார் காப்பாத்துவான்னு பயம் வந்து, லெடி சயாடோ மாதிரி பிக்குகள் சாதாரண ஜனங்ககிட்ட படிப்பையும் தியானத்தையும் கொண்டு போனதுதான் இதுக்கு ஆரம்பம். அதே பர்மால மகாசி சயாடோ முறைல வயிறு ஏறி இறங்கறத கவனிக்க சொல்வாங்க, அதுக்கும் பேர் விபாசனாதான்.

புத்தரே இந்த பிரிக்கற வேலைய எப்படி செஞ்சார்னு பாத்தா சிகாலன்ங்கற இளைஞனோட கதை இருக்கு. ராஜகிருகத்துல விடியக்காலைல ஈரத்துணியோட ஆறு திசையையும் கும்பிட்டுட்டு நிக்கறான், சாகற நேரத்துல அப்பா சொன்னாராம். புத்தர் கும்பிடாதேன்னு சொல்லல. கிழக்கு உன் அப்பா அம்மா, தெற்கு வாத்தியார், மேற்கு பொண்டாட்டி புள்ள, வடக்கு நண்பர்கள், கீழ் திசை உன்கிட்ட வேலை செய்றவங்க, மேல் திசை துறவிகள், இவங்களுக்கு செய்ய வேண்டியத செய், அதுதான் திசைய கும்பிடறதுங்கறார். கூடை அப்படியே இருக்கு, உள்ள இருக்கற சரக்க மாத்திட்டார். முகாம்லயும் சரணத்த வெச்சுக்கிட்டு இதையேதான் பண்ணிருக்காங்க, நல்லாவும் பண்ணிருக்காங்க, அத வெளிப்படையா சொன்னா என்ன குறைஞ்சு போகுதுன்னுதான் கேக்கறேன்.

மார்க் போடணும்னா பயிற்சிக்கு அஞ்சுக்கு அஞ்சு, நடத்தற விதத்துக்கு நாலரை, "மதம் இல்ல"ங்கற வாக்குறுதிக்கு ரெண்டரை. சாமி நம்பிக்கை இல்லாதவங்க தாராளமா போகலாம், முதல் நாள் சரணம் சொல்றப்போ பல்ல கடிச்சுக்கோங்க. பக்தியா இருக்கறவங்களுக்குதான் கஷ்டம் ஜாஸ்தி, பத்து நாள் உங்க ஜெபத்த நிறுத்த சொல்வாங்க, முருகா முருகான்னு மனசுக்குள்ள சொல்லிட்டே மூச்ச பாக்கறது கூட கூடாதும்பாங்க. மனநல சிகிச்சைல இருந்தா ஃபார்ம்ல மறைக்காம எழுதுங்க, டாக்டர்கிட்டயும் கேட்டுட்டு போங்க, இவ்ளோ நீளமான மௌனம் எல்லாருக்கும் ஒத்துக்காது. முட்டி பிரச்சனை இருந்தா முன்னாடியே சொன்னா சேர் தருவாங்க, வெக்கப்படாம வாங்கிக்கோங்க. லீவு போடும்போது பதினோராவது நாள் காலைலதான் வெளிய விடுவாங்கன்னு கணக்கு வெச்சு போடுங்க.