லென்டியா, அடினோவா, ஏஏவியா: மனித ஜீனை அடக்க எந்த வைரஸ்?

ஆய்வகத்தில் வளரும் ஹீலா என்ற மனிதப் புற்றுசெல் மாதிரி சொன்னபடி கேட்கும் செல்லில், நாலைந்து நாள் மட்டும் ஒரு ஜீனை அடக்கினால் போதும் என்றால் வைரஸே வேண்டாம். கடையில் கிடைக்கும் எஸ்ஐஆர்என்ஏவை (ஜீனின் செய்தியை அழிக்கும் குட்டி ஆர்என்ஏ)க் கொழுப்புக் கலவையில் சேர்த்து ஊற்றினால் வேலை முடிந்தது. டி செல், நரம்பு செல் என்று போனால்தான் தலைவலி. அவை எளிதில் எதையும் உள்ளே விடாது. வாரக்கணக்கில் அடக்கி வைக்கவும் இந்த வழி உதவாது. அப்போது கொண்டை ஊசி போல மடிந்த எஸ்எச்ஆர்என்ஏ என்ற ஆர்என்ஏவுக்கான (சுருக்கமாக ஹேர்பின்) டிஎன்ஏவை வைரஸில் ஏற்றி அனுப்புகிறோம். செல்லின் சொந்த டைசர் நொதியே அதை வெட்டி எஸ்ஐஆர்என்ஏவாக மாற்றிக்கொள்ளும்.

என் ஓட்டு லென்டிவைரஸுக்கு. எச்ஐவியின் ஆபத்தான ஜீன்களைக் கழற்றிவிட்டுச் செய்த வெக்டர், அதாவது ஜீனைச் சுமக்கும் வண்டி இது. பழைய எலி ரெட்ரோவைரஸ் பிரியும் செல்லில் மட்டுமே வேலை செய்யும். லென்டி பிரியாத செல்லிலும் நுழையும் என்று 1996இல் நால்டினி குழு எலி மூளையிலேயே காட்டியது. ஹேர்பின் குரோமோசோமில் சேர்ந்துவிடுவதால் மகள் செல்களுக்கும் போகும். செய்முறையும் கடினமில்லை. 293டி என்ற மனிதச் சிறுநீரக வகைச் செல்களுக்குள், வைரஸின் பாகங்களுக்கான பிளாஸ்மிட்களை (வட்ட டிஎன்ஏக்கள்)ச் செலுத்தி, 48 மணி நேரம் கழித்து மேல்திரவத்தை எடுத்து, 0.45 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்ட வேண்டும். அவசரத்தில் 0.22ஐ எடுத்துவிடாதீர்கள், வைரஸில் கணிசமான பங்கு அதிலேயே போய்விடும். அப்புறம் பியூரோமைசின் என்ற செல்கொல்லி மருந்து. அதைத் தாங்கும் ஜீனையும் வைரஸிலேயே ஏற்றியிருப்போம். வைரஸ் போடாத தட்டு இரண்டு மூன்று நாளில் காலியாகும். பக்கத்துத் தட்டில் மிஞ்சியவை உங்களுக்கு வேண்டியவை. குறை என்றால், ஹேர்பின் குரோமோசோமில் எங்கே போய் உட்காரும் என்பது நம் கையில் இல்லை.

அடினோவைரஸ் வேகமானது, ஏராளமாக விளையும், குரோமோசோமைத் தொடாது. அதனாலேயே செல் பிரியப் பிரிய நீர்த்துப்போகும். பல ரத்த செல்களில் அதற்கான ஏற்பியே குறைவு. குறுகிய காலச் சோதனைக்குச் சரி.

ஏஏவி என்பது அடினோ-சார்ந்த வைரஸ். அதன் களம் தட்டு இல்லை, உயிருள்ள விலங்கு. அதன் கொள்ளளவு 4.7 கிலோபேஸ்தான், ஹேர்பினுக்கு அதுவே தாராளம். ஆனால் 2006இல் கிரிம், கே குழு 49 விதமான ஹேர்பின்களை ஏஏவியில் வைத்து எலிகளின் கல்லீரலுக்கு அனுப்பியபோது 36 நஞ்சாயின, 23 உயிரையே குடித்தன. குற்றவாளி வைரஸ் இல்லை. அளவுக்கு மீறி உற்பத்தியான ஹேர்பின்கள், செல்லின் சொந்த மைக்ரோஆர்என்ஏக்கள் (ஜீன்களைக் கட்டுப்படுத்தும் சிறு ஆர்என்ஏக்கள்) உட்கருவிலிருந்து வெளியே போகும் எக்ஸ்போர்ட்டின்-5 என்ற புரத வழியை அடைத்துவிட்டன.

எந்த வைரஸை எடுத்தாலும் ஒரே ஹேர்பினை நம்பிக் கட்டுரை எழுதக் கூடாது. மெல்க் என்ற ஜீனை அடக்கினால் புற்றுசெல் சாகிறது என்று ஆர்என்ஏ குறுக்கீட்டை (எஸ்ஐஆர்என்ஏ, ஹேர்பின் வழி அடக்குதல்) வைத்துப் பல ஆய்வுகள் சொல்ல, அதைக் குறிவைத்த மருந்து நோயாளிகளிடம் சோதனை வரை போனது. 2017இல் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் குழு கிரிஸ்பர் என்ற ஜீன் வெட்டும் கருவியால் அந்த ஜீனையே கெடுத்துப் பார்த்தது. செல்கள் ஜோராக வளர்ந்தன. மருந்தோ, மெல்க் இல்லாத செல்லையும் கொன்றது!

ஆகவே வெவ்வேறு இடத்தைத் தாக்கும் இரண்டு ஹேர்பின்களாவது வேண்டும். பிறகு, ஹேர்பின் பிடிக்க முடியாதபடி, ஆனால் புரதம் மாறாமல், டிஎன்ஏ எழுத்து மாற்றிய அதே ஜீனைத் திரும்பக் கொடுத்துப் பாருங்கள். செல் பழைய நிலைக்குத் திரும்பாவிட்டால், நீங்கள் அடக்கியது வேறு எதையோ.