தனியார் பள்ளி ஆசிரியர் வேலை: ஐந்துக்கு இரண்டரை

மெட்ரிக்கோ சிபிஎஸ்இயோ, இந்த வேலையை எடைபோட டைம்டேபிள் போதும். வாரத்துக்கு 40 பீரியட், அதில் 32 வகுப்பு, 8 ஃப்ரீ என்று வையுங்கள். நாலு செக்‌ஷன், செக்‌ஷனுக்கு 40 பிள்ளைகள். மொத்தம் 160 நோட்டு. நோட்டுக்கு இரண்டே நிமிடம் என்றாலும் திருத்த 320 நிமிடம். 40 நிமிட ஃப்ரீ பீரியட் எட்டையும் கூட்டினால் அதே 320. லீவு போட்டவருக்குப் பதிலாக ஒரு சப்ஸ்டிடியூஷன் சிலிப் வந்தால் போச்சு, 20 நோட்டு பையில் ஏறி வீட்டுக்கு வரும். சிலிப் டெஸ்ட் பேப்பரும் பாடத் திட்டம் எழுதும் நோட்ஸ் ஆஃப் லெசனும் இந்தக் கணக்கிலேயே இல்லை.

ஒரு மாதம் அந்தச் சிலிப்புகளைச் சேர்த்து வையுங்கள். வாரம் ஒன்றிரண்டு என்றால் ஓட்டலாம். நாலைத் தாண்டினால் அங்கே ஆள் பற்றாக்குறை; எச்.எம். தங்கமானவராக இருந்தும் பிரயோஜனமில்லை. கோடையில் அட்மிஷனுக்காக வீடு வீடாக அனுப்பும் பள்ளி என்றால் இன்னும் அரை மதிப்பெண் குறையுங்கள்.

நல்லதும் உண்டு. சொந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் ஃபீஸ் சலுகையைப் பன்னிரண்டால் வகுத்துச் சம்பளத்தோடு கூட்டிப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் கூட்டுவதே இல்லை.

விடுவதென்றால் தேதி முக்கியம். தனியார் பள்ளி ஆசிரியருக்கும் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது தரும் பணிக்கொடை, உண்டு என்பதை 2022-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 18,000 ரூபாய், ஆறு ஆண்டு சர்வீஸ் என்றால், 18,000 × 15 ÷ 26 × 6, ஏறத்தாழ 62,300 ரூபாய். நிரந்தரப் பணியில் இருப்பவருக்கு ஐந்தாண்டு தொடர் பணி வேண்டும். ஜூனில் சேர்ந்தவர் ஐந்தாவது ஏப்ரலில் கிளம்பினால், சில வாரம் குறைகிறதே என்று தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். ஜூன் தாண்டட்டும்.

டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) பாஸை மட்டும் நம்பி வேலையை விட வேண்டாம். சான்றிதழ் இப்போது ஆயுளுக்கும் செல்லும்தான். ஆனால் 2018-இன் அரசாணை 149-க்குப் பிறகு, அரசுப் பணிக்குத் தனியாகப் போட்டித் தேர்வும் எழுத வேண்டும்.

பி.எஃப். பணத்தை எடுத்துவிடாமல் அடுத்த இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாதப் பென்ஷனுக்குப் பத்தாண்டு சர்வீஸ் தேவை. ஒரிஜினல் சான்றிதழ்கள் ஆபீஸ் பீரோவில் இருந்தால், ராஜினாமா கடிதத்திலேயே ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதி, நகலில் சீலும் தேதியும் வாங்கிய பிறகே வெளியே வாருங்கள்.