ஒரே ரூம், ஒரே தேதி, ரெண்டு போன்ல ரெண்டு விலை: உஷாரா இருங்க

அம்மாவுக்கு ஆபரேஷன், ஆஸ்பத்திரி பக்கத்துலயே நாலு நாள் தங்கணும்னு ஒரு புக்கிங் ஆப்ல ரூம் தேடுனேன், ஒரே ராத்திரியில ஏழெட்டு தடவ தொறந்து பாத்திருப்பேன், ஒவ்வொரு தடவையும் விலை ஏறிட்டே போச்சு, "கடைசி ஒரு ரூம்"னு செவப்புல மிரட்டல் வேற. பயந்துபோய் கட்டிட்டேன்.

மூணாம் நாள் இன்னும் ரெண்டு நாள் தேவைப்பட்டுச்சு. "நான் என் போன்ல பாக்குறேண்ணா"ன்னு தங்கச்சி அதே ஆப்ப புதுசா இறக்குனா. கீறல் விழுந்த பழைய போன், லாகின் கூட பண்ணல. ரெண்டு போனையும் என் மடியில வெச்சு பாத்தோம். அதே ரூம் போட்டோ, அதே தேதி, அதே கேன்சல் கண்டிஷன், ஆனா எனக்கு மட்டும் கிட்டத்தட்ட கால்பங்கு ஜாஸ்தி! புது யூசர் கூப்பன் ஏதும் கழிஞ்சிருக்கான்னு பில்ல விரிச்சு பாத்தோம், அதுவும் இல்ல.

கஸ்டமர் கேர்ல கேட்டா "டிமாண்டுக்கு ஏத்த மாதிரி மாறும் சார்". ஏம்மா, ரெண்டு போனும் ஒரே நிமிஷத்துல ஒரே மடியில இருக்கு, அதுக்குள்ள என்ன டிமாண்டுன்னேன். "சிஸ்டம் காட்டுறதுதான் சார்." அவ்ளோதான்.

டிமாண்ட் ஏறி எல்லாருக்கும் விலை ஏறுனா புலம்பிட்டு கட்டிடலாம், ஆள பாத்து விலை போடுறது வேற கதை. நிக்கிற இடம், போன் மாடல், எத்தன தடவ தேடுனோம், முன்னாடி எவ்ளோ குடுத்தோம், இதெல்லாம் கையில இருந்தா நம்ம அவசரத்த மோப்பம் புடிக்கிறது அல்காரிதத்துக்கு, அதாவது ஆப்புக்குள்ள தானா விலை போடுற கணக்குக்கு, பெரிய வேலையே இல்ல. செட்டிங்ஸ்ல போய் பாத்தா லொகேஷனுக்கு "எப்போதும் அனுமதி"ன்னு நானே குடுத்து வெச்சிருக்கேன், ராப்பகலா ஆஸ்பத்திரியிலயே கெடக்குறேன்னு அதுக்கு தெரியாதா என்ன.

இது புதுசும் இல்ல. 2012லயே ஆர்பிட்ஸ்ங்கிற டிராவல் தளம் மேக் கம்ப்யூட்டர்ல வர்றவங்களுக்கு விலை கூடின ஹோட்டல்களா முன்னாடி காட்டுனது வெளிய வந்துச்சு. ஐரோப்பிய ஒன்றியத்துல ஆளுக்கேத்த மாதிரி தானியங்கியா விலை போட்டா வாங்குறதுக்கு முன்னாடியே சொல்லியாகணும், 2022 மே 28லேந்து. நியூயார்க் மாநிலத்துல 2025ல அமலுக்கு வந்த சட்டப்படி, உங்க பர்சனல் டேட்டாவ வெச்சு அல்காரிதம் போட்ட விலைன்னு விலை பக்கத்துலயே எழுதணும். ஆனா கவனிங்க, ரெண்டுமே "சொல்லிட்டு செய்"ங்குதே தவிர "செய்யாத"ங்கல.

அதனால லொகேஷன ஆஃப் பண்ணுங்க, லாகின் இல்லாம பிரவுசர்ல ஒரு தடவ, வேற ஆள் போன்ல ஒரு தடவ பாருங்க, முடிஞ்சா ஹோட்டலுக்கே நேரா போன் போடுங்க. முக்கியமா ரெண்டு ஸ்க்ரீனையும் நேரம் தெரியிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, அன்னைக்கு இருந்த டென்ஷன்ல எனக்கு அது தோணல, "ஆதாரம் இல்ல"ன்னு சொல்லி கம்ப்ளைன்ட்ட ஒரே நாள்ல மூடிட்டாங்க.