ஸ்கந்தர்பெக் யாரை நம்பியிருக்கலாம்? சுல்தான், வெனிஸ், நேப்பிள்ஸ்: ஓர் ஒப்பீடு

15ஆம் நூற்றாண்டு அல்பேனியாவில் ஒரு மலைநாட்டுப் பிரபு யாரையும் சாராமல் ஆண்டுவிட முடியாது. கிழக்கே உஸ்மானியத் துருக்கியரின் சுல்தான். அல்பேனியாவிலேயே டுரெஸ், ஷ்கோடர் நகரங்களைக் கையில் வைத்திருந்த இத்தாலிய வணிகக் குடியரசு வெனிஸ். கடலுக்கு அக்கரையில், தென் இத்தாலியில், நேப்பிள்ஸ் அரசு. உஸ்மானியரை எதிர்த்துப் போரிட்ட அல்பேனியப் பிரபு ஜெர்ஜ் காஸ்த்ரியோட்டி என்ற ஸ்கந்தர்பெக் மூன்று தரப்போடும் உறவு வைத்துப் பார்த்தவர்.

சுல்தான் தருவது திமார். அதாவது நிலத்தின் வரி வருமானம், பதிலுக்குப் போர்ச்சேவை. நிலம் பரம்பரைச் சொத்தாகாது. தந்தை ஜோன் 1437இல் இறந்தபோது மகன் சுல்தானின் படையில்தான் இருந்தார், ஆனாலும் தந்தையின் ஆட்சிப்பகுதி அவருக்கு வந்து சேரவில்லை. 1443 நவம்பரில் நீஷ் போரின்போது சுல்தானின் படையை விட்டு விலகி அல்பேனியாவின் க்ரூயா கோட்டையைக் கைப்பற்றியதற்கு மதத்தை (அவர் பிறப்பால் கிறிஸ்தவர், சுல்தான் முஸ்லிம்) மட்டும் காரணம் சொல்வது போதாது. இந்த வாரிசுப் பிரச்சினையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வெனிஸ் விஷயம் இன்னும் சிக்கல். வட அல்பேனியாவின் டான்யா கோட்டை யாருக்கு என்று ஸ்கந்தர்பெக்குக்கும் வெனிஸுக்கும் 1447இல் சண்டை மூண்டது. 1448 மே மாதம், ஸ்கந்தர்பெக்கைக் கொல்பவருக்கு வாழ்நாள் முழுக்க ஆண்டுக்கு 100 டுகாட் (தங்க நாணயம்) தருவதாக வெனிஸ் அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபர் 4 அன்று சமாதானம்: டான்யா வெனிஸுக்கு, ஸ்கந்தர்பெக்குக்கு ஆண்டுக்கு 1,400 டுகாட். தலைக்கு விலை வைத்த ஐந்தே மாதத்தில் அவருக்கே மானியம்! வெனிஸுக்கு வேண்டியது துறைமுகமும் வியாபாரமும்தான். 1450இல் சுல்தான் இரண்டாம் முராத் க்ரூயாவை முற்றுகையிட்டபோது, ஷ்கோடரின் வெனிஸ் வணிகர்கள் துருக்கியப் படைக்குத் தானியம் விற்றார்கள். டுரெஸ் வணிகர்கள் ஸ்கந்தர்பெக்குக்கு விற்றார்கள். கொதித்துப்போய் அவர் வெனிஸின் வணிகக் கூட்டங்களையே தாக்கினார். அந்த அக்டோபரில், வேறு வழியில்லாமல், க்ரூயாவையே வெனிஸிடம் ஒப்படைக்க முன்வந்தார். வெனிஸ் மறுத்துவிட்டது. சுல்தானோடு இருந்த சமாதானம் அவர்களுக்கு அதைவிடப் பெரிது.

இந்த மறுப்புதான் அவரை நேப்பிள்ஸ் பக்கம் தள்ளியது. 1451 மார்ச் 26, கயேட்டா ஒப்பந்தம். நேப்பிள்ஸ் மன்னர் அல்போன்சோ ஆண்டுக்கு 1,500 டுகாட் தருவார், க்ரூயாவின் பழைய உரிமைகளை மதிப்பார். துருக்கியர் முற்றாக விரட்டப்பட்ட பிறகே ஸ்கந்தர்பெக் விசுவாசப் பிரமாணம் செய்வார். அந்த நாள் அவர் ஆயுளில் வரவில்லை. மே கடைசியில் அல்போன்சோ அனுப்பிய 100 கத்தலான் (ஸ்பெயினின் கத்தலோனியா பகுதி) வீரர்கள் க்ரூயாவில் வந்து இறங்கினார்கள். தொகையில் வெனிஸைவிட 100 டுகாட்தான் கூடுதல். ஆனால் ஆளும் ஆயுதமும் வந்தன. எல்லைத் தகராறும் இல்லை. மூன்றில் இதுவே மேல் என்பேன்.

குறையும் பெரிது. 1455இல் நேப்பிள்ஸ் வீரர்களோடு, உஸ்மானியர் வசமிருந்த பெராட் நகரை முற்றுகையிட்டபோது, ஸ்கந்தர்பெக் ஒரு பகுதிப் படையுடன் வேறிடம் போன நேரம் பார்த்து உஸ்மானியக் குதிரைப்படை பாய்ந்தது. ஏறத்தாழ 5,000 பேர் மாண்டனர். தவிர, எல்லாமே ஒரு மன்னரின் ஆயுளைப் பொறுத்திருந்தது. 1458இல் அல்போன்சோ இறந்தார். 1461இல் அவர் மகன் பெரான்தேவின் அரியணையைக் காக்க ஸ்கந்தர்பெக்கே கடல் தாண்டிப் போய்ப் போரிட வேண்டியதாயிற்று. கைம்மாறாக இத்தாலியில் மோன்தே சான்ட்ஆஞ்செலோவும் சான் ஜொவான்னி ரொதோந்தோவும் அவருக்குக் கிடைத்தன.

1468 ஜனவரியில் அவர் இறந்தபின் க்ரூயா வெனிஸின் பொறுப்புக்குப் போனது. பத்தாண்டு தாங்கி, 1478இல் வீழ்ந்தது. மனைவி டோனிகாவும் மகன் ஜோனும் அடைக்கலம் தேடிப் போனது நேப்பிள்ஸ் அரசுக்கு.