ஆல்ஃபா, ஒமேகா, மறுசோதனை: கடலோர மனநல ஆய்வுக்கு எது பொருந்தும்?

கன்னியாகுமரி மாவட்டத்தின் குளச்சலிலோ முட்டத்திலோ விசைப்படகுத் தொழிலாளர்களின் மனச்சோர்வை ஆராய முற்படும் மாணவர் பெரும்பாலும் பிஎச்கியூ-9 வினாநிரலையே எடுத்துக்கொள்வார். அதில் ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கிடைக்கும் கூட்டுத்தொகையை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு எந்தச் சான்றைத் தருவது?

எளிதாகக் கிடைப்பது உளவியலாளர் குரோன்பாக் 1951இல் முன்வைத்த ஆல்ஃபா; கேள்விகளுக்கான விடைகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் எண் அது. ஒருமுறை விடை வாங்கினால் போதும். அது 0.70ஐத் தாண்டிவிட்டால் ஆய்வேட்டில் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை என்பது எனக்குக் கவலை தருகிறது; ஏனெனில் கேள்விகளைப் பெருக்கினாலே ஆல்ஃபா உயரும். நம்பகத்தன்மை 0.60 உள்ள வினாநிரலை அதே தரமுள்ள கேள்விகளால் இருமடங்காக்கினால், ஸ்பியர்மன்-பிரவுன் சூத்திரப்படி அது 0.75 ஆகிவிடும். மேலும், எல்லாக் கேள்விகளும் மனச்சோர்வை ஒரே அளவில் காட்டுகின்றன என்று ஆல்ஃபா கொள்கிறது. இரவெல்லாம் கடலில் வலை இழுப்பவரிடம் தூக்கத்தைப் பற்றிய கேள்வியும் நம்பிக்கையின்மை பற்றிய கேள்வியும் சம எடை பெறுமா? கேள்விதோறும் தனி எடையை ஏற்கும் மக்டொனால்டின் ஒமேகா இங்கே ஐயமின்றி மேலானது. ஆர் போன்ற இலவச மென்பொருளிலேயே அதைக் கணக்கிடலாம்.

ஆயினும், அதே ஆள் மறுபடியும் அதே விடையைத் தருவாரா என்பதை இவ்விரண்டும் சொல்வதில்லை. அதற்கு மறுசோதனை வேண்டும். அதில் இடைவெளிதான் சிக்கல். இரண்டு நாளில் கேட்டால் பழைய விடை நினைவில் நிற்கும். இரண்டு வாரம் கழித்துக் கேட்டாலோ, இவ்வினாநிரல் கடந்த இரண்டு வாரங்களைப் பற்றியே வினவுவதால், விடை வேறொரு காலத்துக்கு உரியதாகிவிடும். நம் மாவட்டத்தில் மீன்பிடித் தடைக்காலமும் குறுக்கிடுகிறது: குளச்சல் உள்ள மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, கிழக்குக் கரைத் தடைக்கு உட்பட்ட சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மே இறுதியில் குளச்சலில் முதல் சுற்றையும் ஜூன் முதல் வாரத்துக்குப் பின் அடுத்ததையும் நடத்தினால், கடன் உள்ள வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் மனநிலை வெவ்வேறு அளவில் மாறியிருக்கும். அந்த உண்மையான மாற்றம் கருவியின் பிழையாகப் பதிவாகிவிடும்.

ஆகவே அனைவருக்கும் ஒமேகா, ஒரு பகுதியினருக்குத் தடைக்காலத்துக்கு வெளியே ஒரு வார இடைவெளியில் மறுசோதனை என்பதே என் தேர்வு. இவற்றோடு அளவீட்டுத் திட்டப்பிழையையும், அதாவது கருவியின் பிழையால் மட்டுமே ஒருவரது மதிப்பெண் எவ்வளவு ஏறி இறங்கக்கூடும் என்பதையும், எழுத வேண்டும். மதிப்பெண்களின் பரவலைக் காட்டும் திட்டவிலக்கம் 6, நம்பகத்தன்மை 0.84 என்றால் அப்பிழை 2.4, அந்நிலையில் ஒருவரது மதிப்பெண் 12இலிருந்து 10ஆகக் குறைந்ததை முன்னேற்றம் என்று எழுத இடமில்லை.