மந்திரப் பெட்டிக்குச் சாயம் பூசக் கொடுத்து 680 சிங்கப்பூர் வெள்ளியை இழந்தேன்

நேற்று மாலை உறையைப் பிரித்துப் பார்த்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. 2009இல் சென்னையிலிருந்து வாங்கி வந்த ஸ்கொயர் சர்க்கிள் பெட்டி அது; காலியாகக் காட்டிவிட்டுப் பொருள்களை வரவழைக்கும் மந்திர வித்தைக்கான சதுரப் பெட்டி, உள்ளே ஒரு குழாய் இருக்கும். பள்ளி நிகழ்ச்சிகளுக்கும் சமூக மன்ற மேடைகளுக்கும் ஏற்றி இறக்கியதில் மூலைகளில் சாயம் பெயர்ந்து, முன்பக்கத்தில் நீளமாக இரண்டு கீறல்கள் விழுந்திருந்தன. கைவேலைக்காரர்கள் விளம்பரம் செய்யும் செயலி ஒன்றில் கிடைத்தவரிடம், தீபாவளி நிகழ்ச்சிக்கு முன் சரிசெய்து தரும்படி அதை ஒப்படைத்தேன்.

அவரை நம்பியதற்குக் காரணம் உண்டு. சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் உள்ள அவருடைய பட்டறையில் பெயர்ந்த மூலையை நகத்தால் மெல்லச் சுரண்டி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "இது பழைய எனாமல் அண்ணே, உள்ளே மினுங்காத மேட் கறுப்பு, அதே மாதிரி செஞ்சு தர்றேன்" என்றார். பெட்டியின் உள்பக்கத்தைக் கேட்காமலேயே கவனித்த மனிதரிடம் நான் வேறு என்ன கேட்பேன்? முழுத் தொகையான 680 வெள்ளியையும் அங்கேயே பேநவ் பணப் பரிமாற்றச் சேவையில் அனுப்பினேன்.

திரும்பி வந்த பெட்டியில் பழைய எனாமலைச் சுரண்டாமல் அதன்மேல் லேக்கர் என்னும் வேறு வகைச் சாயத்தை அடித்திருக்கிறார். லேக்கரில் உள்ள தின்னர் என்னும் கரைப்பான் அடிப்பூச்சை இளக்கிவிட்டதால், முன்பக்கம் முழுவதும் ஆறிய பாலின் ஆடையைப் போலச் சுருங்கிக் கிடக்கிறது. அதையாவது தேய்த்து எடுத்துவிடலாம். உள்ளே பளபளக்கும் கறுப்பை அல்லவா பூசியிருக்கிறார்! மந்திரப் பெட்டியின் உட்புறக் கறுப்பு அலங்காரத்துக்கானது அன்று. மேடை விளக்கின் ஒளியை அது விழுங்க வேண்டும், மினுங்கினால் மறைக்க வேண்டியதையெல்லாம் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். இதற்கு மேல் விளக்குவது தொழில் தர்மம் ஆகாது. ஒரே விரலால் தூக்கிய குழாய் இப்போது பூச்சின் தடிமனால் பாதியில் சிக்கி நிற்கிறது. இழுத்தால் புதுச் சாயம் உரிகிறது.

படம் எடுத்து அனுப்பினேன். "காய்ந்தால் சரியாகிவிடும்" என்றார். பிறகு "பெட்டியே பழசு" என்றார். இன்று காலை முதல் நீலக் குறி விழுகிறது, பதில் இல்லை. செயலி நிறுவனமோ பணம் தங்கள் வழியாகச் செல்லாததால் தலையிட முடியாது என்று இரண்டே வரிகளில் முடித்துக்கொண்டது. 680 வெள்ளி எனக்கு இரண்டு நிகழ்ச்சிகளின் வருமானம்.

மேடைப் பொருள் வைத்திருப்பவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன், இப்போது இவ்வளவுதான் முடிகிறது. முழுப் பணத்தையும் முன்னதாகக் கொடுக்காதீர்கள். உள்ளே எந்தச் சாயம், எத்தனை பூச்சு என்பதை எழுத்தில் வாங்குங்கள். அடிப்பாகத்தில் ஓரிடத்தில் பூசிக் காட்டச் சொல்லுங்கள். சிறிய பெயர்வுகளை மெல்லிய தூரிகையால் நீங்களே தொட்டுவிடுங்கள்.

சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் மனுச் செய்ய 2 ஆண்டு அவகாசம் இருந்தாலும் நான் இன்றிரவே மனுவை நிரப்பப் போகிறேன். நிகழ்ச்சிக்கு இன்னும் 9 நாள்தான் இருக்கிறது; குழாய் இன்னும் பாதியிலேயே நிற்கிறது.